சவுண்ட் சர்வீஸ் கடையில் இருந்துகொண்டே டெக்னோ டிஜே ஆக முடியுமா?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறார். இவர் ரிசப்ஷனுக்கும் காதுகுத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் டிஜே போகிறார். மனசுக்குப் பிடித்தது டெக்னோ, மெஷினில் செய்கிற, பெரும்பாலும் பாட்டுவரியே இல்லாத ஆட்ட இசை. ராத்திரியில் லேப்டாப்பில் சொந்தமாக ட்ராக் செய்கிறார். கேள்வி இரண்டு. சினிமாப் பாட்டே போடாத அந்த அண்டர்கிரவுண்ட் டிஜேக்களும் ப்ரொட்யூசர்களும் (ட்ராக் செய்கிறவர்கள்) எப்படிப் பிழைக்கிறார்கள்? ஊரிலேயே இருந்துகொண்டு அதில் நுழைய முடியுமா, இல்லை கடையை விட்டுவிட்டு பெங்களூருக்குப் போய்த்தான் ஆகணுமா?

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கடையை விடாதீர்கள். இந்தத் துறையில் பெயர் ஒரு வழியாக வரும், காசு இன்னொரு வழியாக வரும், இரண்டுமே தாமதமாகத்தான் வரும். அதுவரை தாக்குப்பிடிக்க ஒரு வேலை வேண்டும். பெங்களூரில் வாடகை கட்டிக்கொண்டு அந்த வேலையைத் தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு அது கையிலேயே இருக்கிறது, அதுவும் ஸ்பீக்கர்களுக்கு நடுவில். நான் மன்னார்குடிக்காரன். பெங்களூரில் கிளப்களில் சவுண்ட் இன்ஜினியராகப் பல வருஷம் நின்றவன். வருகிற டிஜேக்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள், எதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று கிட்டே இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பெயர். அது ட்ராக்கில் வருகிறது. நீங்கள் ஒரு ட்ராக் செய்கிறீர்கள், ஒரு லேபிள் (இசை வெளியிடுகிற கம்பெனி) அதை வெளியிடுகிறது, முன்பின் தெரியாத ஒரு டிஜே அதை எடுத்துத் தன் செட்டில் (தொடர்ந்து வாசிக்கிற நிகழ்ச்சியில்) போடுகிறார், கேட்டவர் "இது யாருடையது?" என்று தேடுகிறார். அப்படித்தான் பெயர் பரவும். ஆனால் அந்த ட்ராக் விற்று வரும் காசில் வீட்டுச் செலவு நடக்காது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்துக்குள் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்குக் காசே கிடையாது. ஆயிரத்தைத் தாண்டினாலும் சில நூறு ரூபாய்தான். பேண்ட்கேம்ப் என்கிற இசை விற்கும் இணையதளம் கொஞ்சம் மரியாதையாக நடத்துகிறது. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு, பேமென்ட் கட்டணம் போக மீதியை உங்களுக்குத் தருகிறது. வருஷத்துக்கு 5,000 டாலருக்கு மேல் விற்றால் 10 சதவீதம்தான் எடுப்பார்கள். ஆனால் அண்டர்கிரவுண்டில் அந்தத் தொகைக்கு விற்கிறவர்கள் குறைவு. இசைத்தட்டு போட்டால் முந்நூறு பிரதி அச்சடிப்பார்கள். முழுவதும் விற்றுத் தீர்ந்தாலும் லேபிளுக்குப் போட்ட காசு திரும்பி வந்தால் அதுவே பெரிய விஷயம்.

காசு மேடையில்தான். ஒரு ராத்திரி வாசிப்பதற்கு வாங்கும் சம்பளம்தான் இந்தத் தொழிலின் உண்மையான வருமானம். ஆனால் அந்த மேடைக்கு உங்களைக் கூப்பிடுவது உங்கள் ட்ராக். ஓரளவு பெயர் வந்த பிறகு புக்கிங் ஏஜென்ட் வருவார், அவருக்கு 10 முதல் 20 சதவீதம் போகும். மேனேஜர் இருந்தால் அவருக்கும் அதே அளவு போகும். வெள்ளிக்கிழமை ஒரு நாடு, சனிக்கிழமை இன்னொரு நாடு என்று பறக்கிற நிலைக்கு வருகிறவர்கள் ரொம்பச் சிலர். மற்றவர்கள் மாஸ்டரிங் (முடிந்த ட்ராக்கின் ஒலியைக் கடைசியாகச் சீராக்குவது) செய்கிறார்கள், ஏபிள்டன் என்கிற இசை சாஃப்ட்வேரைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், விளம்பரத்துக்கு இசை போடுகிறார்கள், சாம்பிள் தொகுப்பு விற்கிறார்கள், இல்லையென்றால் இசையோடு சம்பந்தமே இல்லாத வேலையில் இருக்கிறார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்த இசையே அப்படி வந்ததுதான். அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி பெல்வில் என்று ஒரு சின்ன ஊர். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. அங்கே ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூன்று பேரும்தான் டெக்னோவின் முதல் தலைமுறை. பெரிய கம்பெனி வந்து கூப்பிடும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1985-இல் அட்கின்ஸ் மெட்ரோபிளெக்ஸ் என்று சொந்த லேபிள் தொடங்கினார், மற்ற இருவரும் அடுத்தடுத்துத் தங்கள் லேபிள்களைத் தொடங்கினார்கள். அவர்கள் காலத்து டெக்னோவின் அடையாளமான ரோலண்ட் டி.ஆர். 909 தாள மெஷின், கம்பெனிக்கே நஷ்டமாகி 1985-க்குள் நின்றுபோனது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததால்தான் அது இந்தப் பையன்கள் கைக்கு வந்தது. பின்னால் பெரும்பெயர் எடுத்த ஜெஃப் மில்ஸ் அந்தக் காலத்தில் டெட்ராய்ட் ரேடியோவில் 'தி விசார்ட்' என்ற பெயரில் டிஜேயாக இருந்தவர். பெர்லினில் பெர்க்ஹைன் கிளப்பின் முகங்களில் ஒருவரான மார்செல் டெட்மான், ஹார்ட் வாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். இன்னொரு பெரிய டெக்னோ டிஜே நீனா கிராவிஸ் பல் மருத்துவராக இருந்தவர்.

ஆனால் உங்களுக்கு நான் முக்கியமாகக் காட்ட நினைப்பது டி.வி.எஸ்.1 என்ற பெயரில் வாசிக்கிறவரை. அமெரிக்காவில் மினியாபொலிஸ்காரர். நியூயார்க்கோ சிகாகோவோ இல்லை, குளிர் அடிக்கிற ஒரு நடுவாந்திர நகரம். தொண்ணூறுகளில் அங்கே பார்ட்டி நடத்தத் தொடங்கி, சொந்தமாக சவுண்ட் சிஸ்டம் வாங்கி, அதைத் தானே தூக்கிக் கட்டி, வாடகைக்கு விட்டு, அதோடு சேர்த்து டிஜேயாகவும் வாசித்தவர். வெளியுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது 2010-ஐ ஒட்டித்தான். பெர்லினில் பென் க்ளாக் என்ற பெரிய டிஜேயின் லேபிளில் அவருடைய ட்ராக் வந்த பிறகுதான் கதவு திறந்தது. அத்தனை வருஷமும் அவரைத் தாங்கியதில் ஸ்பீக்கருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கும் அவர் வாசிப்பதைக் கேட்டால், அறை எப்படி எதிரொலிக்கிறது, பேஸ் எங்கே குவிகிறது என்று தெரிந்த கை அது என்று புரியும். 2022-இல் அஸ்லைஸ் என்று ஒரு ஏற்பாட்டையும் அவர் தொடங்கினார். டிஜே தன் சம்பளத்தில் ஒரு சின்னப் பங்கை, அன்றைக்குப் போட்ட ட்ராக்குகளைச் செய்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். காசு மேடையிலும் உழைப்பு ட்ராக்கிலும் இருக்கிறது என்கிற இந்தக் கோணலைச் சரிசெய்யத்தான் அது. போதிய டிஜேக்கள் சேராமல் 2024-இல் மூட வேண்டியதாயிற்று. எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

நம் நாட்டிலேயே சரண்ஜித் சிங் இருந்தார். பம்பாயில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்த இசைக்கலைஞர். 1982-இல் ரோலண்ட் மெஷின்களை வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு ஆல்பமாகப் போட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் என்கிற மெஷின் நடன இசைக்கு முன்பே இப்படி ஒன்று இங்கே நடந்திருக்கிறதா என்று உலகம் மூக்கில் விரல் வைத்தது. எழுபது வயதை ஒட்டி ஐரோப்பாவில் மேடை ஏறினார், 2015-இல் மறைந்தார். இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டது வேறு வாசிப்பு.

சரி, டெல்டாவுக்கு வருவோம். இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை எங்கேயும் டெக்னோவை நம்பி நடக்கிற கிளப் கிடையாது. திறந்த வெளியில் விடிய விடிய நடத்தலாம் என்றால் சட்டம் இடிக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. கோயில் விழா மாதிரி நாட்களுக்கு மட்டும் மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. இதெல்லாம் உங்களுக்கே தெரியும், போலீஸ் வந்து ஆம்ப்ளிபயரை அணைக்கச் சொல்கிற வேலை உங்கள் வேலை. அதனால் வாசிக்க வெளியே போய்த்தான் வர வேண்டும். பெங்களூர், சென்னை, புதுச்சேரி. மாலையில் கும்பகோணத்தில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் பெங்களூர். வாசித்துவிட்டு அடுத்த நாள் அதிலேயே திரும்பலாம். குடியேற வேண்டிய அவசியம் இல்லை.

இருப்பது என்ன? உங்கள் குடோன். பெங்களூர்ப் பையன்கள் அபார்ட்மெண்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ட்ராக் செய்கிறார்கள். கிக் (தாளத்தின் கனமான அடி) எவ்வளவு கனமாக விழுகிறது என்று பெரிய ஸ்பீக்கரில் கேட்க அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. கிளப்புக்குக் கொண்டுவந்து போட்டால் கிக்கும் பேஸும் ஒன்றோடொன்று முட்டி, வெறும் சேறு மாதிரி கேட்கும். நீங்கள் பகலில் குடோனில் இரண்டு பேஸ் பாக்ஸ், இரண்டு டாப் வைத்து அளவான சத்தத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நம் ஊர் பேஸ் பாக்ஸ் சினிமாக் குத்துப் பாட்டுக்காக ஏற்றிவிடப்பட்டிருக்கும். ஈக்வலைசரைச் சமமாக்கிவிட்டு, உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த, நன்றாக மாஸ்டர் செய்த ஒரு டெக்னோ ட்ராக்கை முதலில் போடுங்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு அப்புறம் உங்களுடையதைப் போடுங்கள்.

கரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்திலிருந்து என்னிடம் கேட்கக் கொடுத்த ட்ராக்குகளில் அடிக்கடி ஒரே கோளாறு. எர்த்து சரியில்லாத வீட்டில் லேப்டாப் சார்ஜர், சவுண்ட் கார்டு எல்லாம் மாட்டி ரெக்கார்ட் செய்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வந்துவிடும். மேற்கத்திய முறையில் கீழ்ஸ்தாயி ஜி (G) சுரம் 49 ஹெர்ட்ஸ். உங்கள் கிக்கை அதே ஜியில் டியூன் செய்திருந்தால் இரைச்சல் கிக்குக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ட்ராக்கின் நடுவில் கிக் நிற்கிற இடம் வரும் பாருங்கள், அங்கே பெரிய சிஸ்டத்தில் 'ம்ம்ம்' என்று அப்பட்டமாகக் கேட்கும். கரியும் உப்பும் போட்டு ஒரு எர்த்துக் குழி, பேலன்ஸ்டு கேபிள், இவ்வளவுதான் வைத்தியம். கடைக்காரர் வீட்டில் இதுகூட இல்லையென்றால் எப்படி?

டிஜே வேலையைப் பொறுத்தவரை, கல்யாண மேடை உங்களுக்குப் பாதிப் பாடத்தை ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கிறது. கூட்டத்தின் முகத்தைப் பார்த்து அடுத்தது என்ன என்று முடிவெடுப்பது, கரண்டு போனால் பதறாமல் இருப்பது, மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடைக்கு வந்து தகராறு செய்தால் சிரித்துச் சமாளிப்பது எல்லாம் வந்துவிட்டது. வராதது பொறுமை. ரிசப்ஷனில் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு மாற்றுகிறீர்கள். டெக்னோ செட் குறைந்தது ஒன்றரை மணி நேரம், நல்ல இடங்களில் நாலு மணி நேரம்கூடப் போகும். 130 பிபிஎம் (நிமிஷத்துக்கு 130 தட்டு) வேகத்தில், நாலு தட்டுக்கு ஒரு பார் என்று 32 பார் என்பது கிட்டத்தட்ட ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷம் முழுக்க ஒரு ஹை-ஹாட் (டிரம்ஸின் சிங்சா) மட்டும் மெல்லத் திறந்துகொண்டே வரும், வேறு ஒன்றும் மாறாது. அதை நம்பி நிற்கத் தெரிய வேண்டும். டெல்டாக்காரருக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. சுவாமி புறப்பாட்டில் வீதி வீதியாக ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்த நாகசுர வித்வான்களும், நின்று கேட்ட ஜனங்களும் இருந்த மண் இது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றி இன்றும் பேசுகிற ஊர்க்காரர்கள் நாம்.

நகரத்தில் முதலில் கிடைப்பது ஓப்பனிங் செட்டாகத்தான் இருக்கும். பத்துப் பேர் பாரில் நின்றுகொண்டிருப்பார்கள், தரையில் ஆள் இருக்காது. அப்போது 145-இல் இடி இடிக்கக் கூடாது. அடுத்து வருகிற டிஜேக்கு இடம் விட்டு, 124, 126 என்று கூட்டத்தை மெதுவாக உள்ளே இழுப்பதுதான் அந்த வேலை. இதைச் சரியாகச் செய்கிறவரை நடத்துகிறவர்கள் மறப்பதே இல்லை, திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். ரெசிடென்சி என்கிற மாதாந்திர வாய்ப்பு பெரும்பாலும் அப்படித்தான் வரும், ஓரளவு நிலையான வருமானமும் அதுதான். கன்ட்ரோலரில் பழகுங்கள், தப்பில்லை. ஆனால் கிளப்பில் சி.டி.ஜே. என்கிற, பென்டிரைவ் மாட்டி வாசிக்கிற பிளேயர் இருக்கும். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, ரெக்கார்ட்பாக்ஸ் சாஃப்ட்வேரில் தயார் செய்து, ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு போங்கள். ட்ராக்குகளைக் காசு கொடுத்து வாங்குங்கள். யூடியூபிலிருந்து உருவியது பெரிய சிஸ்டத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும், தவிர அதைச் செய்தவரும் உங்களை மாதிரி ஒருவர்தான்.

இந்தியாவிலிருந்து போனவர்கள் உண்டு. டெல்லியின் ஜலேபி கார்ட்டெல் குழுவில் இருந்து பிறகு தனியாக டெக்னோவில் வெளிநாட்டு லேபிள்கள் வரை போன அர்ஜுன் வகாலே, கில்லா ரெக்கார்ட்ஸ் நடத்துகிற கோஹ்ரா. இவர்களும் பெரிய நகரத்துக்காரர்கள்தான், மறைக்க வேண்டியதில்லை. இந்திய பாஸ்போர்ட்டில் ஐரோப்பிய விசா வாங்குவதும் லேசில்லை. அங்கேயும் உங்கள் கடை கைகொடுக்கும். வருமான வரித் தாக்கல், பேங்க் ஸ்டேட்மென்ட், திரும்பி வர ஒரு தொழில் இருக்கிறது என்கிற ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். கடைக் கணக்கை உங்கள் பெயரிலும் கொஞ்சம் காட்டுங்கள்.

லேபிளுக்கு அனுப்புவது பற்றி. ஒரு லேபிளின் கடைசி ஏழெட்டு வெளியீடுகளை முழுசாகக் கேட்காமல் அனுப்பாதீர்கள். மூன்று ட்ராக், பிரைவேட் லிங்க், நாலு வரி மெயில் போதும். ஐம்பது லேபிளுக்கு ஒரே மெயிலைத் தட்டிவிட்டால் யாரும் திறக்க மாட்டார்கள். பதில் வராமலே போகும், அது சகஜம். உங்கள் ட்ராக்கை வெளியிட உங்களிடமே காசு கேட்கிற லேபிள் என்றால் விலகி வந்துவிடுங்கள். ஒப்பந்தம் வந்தால் எத்தனை வருஷம், எந்தெந்த நாடு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நம் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருஷம், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றுதான் கொள்ள வேண்டும். வெளிநாட்டு ஒப்பந்தம் அந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கும், அதில் உஷாராக இருங்கள். இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தருகிற ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் இசையமைப்பாளராகச் சேர்ந்துவிடுங்கள்.

நம் ஊர் ஒலியைச் சேர்க்கலாமா என்று தோன்றும். கண்டிப்பாகச் சேர்க்கலாம், ஆனால் பீட் மேல் நாகசுரத்தை ஒட்டவைப்பது எல்லோரும் முதலில் செய்கிற காரியம், அது சீக்கிரமே சலித்துவிடும். திருபுவனத்துத் தறி ஓடுகிற சத்தத்தை எடுத்துப் பாருங்கள், நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறையில் கடைசல் பிடிக்கிற சத்தத்தைக் கேளுங்கள். டெட்ராய்ட்காரர்களுக்குக் கார் தொழிற்சாலை மாதிரி, நமக்கு இது. நாகசுரமோ தவிலோதான் வேண்டும் என்றால் வாசிக்கிறவரை உட்காரவைத்து, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கி, சம்பளம் பேசி, எழுத்தில் ஒப்புதல் வாங்கி ரெக்கார்ட் செய்யுங்கள். வாசித்தவருக்கு அந்த வாசிப்பின் மேல் 50 வருஷம் சட்டப்படி உரிமை உண்டு. கோயிலில் போனில் பிடித்ததை எடுத்துப் போட்டுவிட்டு வெளிநாட்டில் பெயர் வாங்குவது, காலம் காலமாக அந்தக் கருவியைத் தூக்கிச் சுமந்தவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

வீட்டில் பயப்படுவார்கள், போதை விஷயத்தை நினைத்து. அந்தப் பயம் நியாயமானது, அந்தப் பழக்கத்தால் தொழிலைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அருகிலேயே போகாதீர்கள், அப்பாவிடமும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பெர்லினின் டெக்னோ கலாச்சாரத்தை ஜெர்மனி 2024 மார்ச்சில் தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லலாம்.

காதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். நீங்கள் திருவிழாவில் பாக்ஸ் பக்கத்திலேயே நின்று வளர்ந்தவர். காதுக்குள் 'ங்ஙீ' என்ற சத்தம் ஒருமுறை நிரந்தரமாகிவிட்டால் திரும்பப் போகாது. இசைக்காரர்களுக்கென்று விற்கிற இயர்பிளக் வாங்கி நாளையிலிருந்தே போடுங்கள், கல்யாண மேடையிலும்.

வேலை நேரத்தை முகூர்த்தத்தை வைத்தே பிரித்துக்கொள்ளுங்கள். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் மூச்சுவிட நேரம் இருக்காது, சம்பாதியுங்கள். ஆடியில் அம்மன் கோயில்கள். மார்கழியில் விடிகாலைப் பாட்டுக்கு மைக் செட் கட்டிவிட்டால் பகல் முழுக்க உங்களுடையது, தொடங்கி வைத்த ட்ராக்குகளை முடிக்க அந்த ஒரு மாசம் போதும். மூன்று முடிந்தால் லேபிளுக்கு அனுப்புங்கள். மூன்று மாசம் பார்த்துவிட்டுப் பதில் இல்லையென்றால் பேண்ட்கேம்பில் நீங்களே போட்டுவிடுங்கள். அதற்கு பேபால் என்கிற இணையப் பணச் சேவையில் கணக்கு வேண்டும். இந்தியாவுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் பணம் அனுப்புகிற சேவையை பேபால்காரர்கள் 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள், வெளிநாட்டிலிருந்து வருவதைப் பெறலாம். பான் கார்டையும் பேங்க் கணக்கையும் முதலிலேயே இணைத்து வைத்துவிடுங்கள்.